தெற்கு காலி

கல்கூர்லி விமான நிலையம், காலை ஐந்து நாற்பது.
சட்டையில் கெய்லி என்று பெயர் குத்திய பிள்ளை
என் கைகளைக் கேட்டாள்.
வெள்ளைத் துணித்துண்டு ஒன்றால்
உள்ளங்கை, விரலிடுக்கு, இடுப்புப் பட்டி, பையின் பிடி
எல்லாம் தடவி
இயந்திரத்தின் வாயில் ஊட்டினாள்.
அது கொஞ்ச நேரம் மென்றது.
பிறகு சிவந்தது.

எனக்குப் பின்னால் வரிசை ஒரு அடி விலகியது.
திரும்பாமலே தெரிந்தது.

"தோட்ட வேலை செய்தீங்களா?
உரம் ஏதும் தொட்டீங்களா?"
மரியாதையாகத்தான் கேட்டாள்.

தொட்டேன், பிள்ளை.
நேற்றுப் பின்னேரம் மூன்றேகால் வரை,
உங்கள் ஊரின் விளிம்பை அப்படியே
கடித்து எடுத்தது போலக் கிடக்கிற அந்தக் கிடங்கில்
நூற்றுப் பன்னிரண்டு துளைகளுக்குள்
இளஞ்சிவப்புக் கூழ் இறங்க
குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பிறகு தெற்குத் தடுப்புக்குப் போனேன்.

அங்கே நான் சொல்ல வேண்டியது ஒரே வரி.
"தெற்கு காலி. ஆளில்லை."
வோக்கியில் அது கேட்காமல்
பிரென்டன் விசையைத் தொடமாட்டான்.
என்னுடைய ஆங்கிலத்துக்காக
ஒரு மலை காத்து நிற்குது என்று
தங்கச்சிக்கு ஒருமுறை எழுதினேன்.
அவள் நம்பவில்லை.

நிலம் முதலில் மூச்சு இழுக்கும்.
சத்தம் பிறகுதான் வரும்.
பார்வையாளர் மேடையில் கைதட்டுவார்கள்,
தொப்பி போட்ட குழந்தைகள்
"இன்னொருக்கா" என்று கேட்கும்.
கைதட்டுகிற வெடியை
நான் இந்த ஊரில்தான் முதன்முதல் பார்த்தேன்.

நேற்றுத் தூசி அடங்கின பிறகு
கற்களுக்கு நடுவே மஞ்சள் கம்பி ஒன்று,
எலிவால் அளவு.
நூற்றுப் பதினொன்று போயிருந்தது.
ஒன்று போகவில்லை.
முதலில் கண்டது நான்.
"உனக்கு நல்ல கண்" என்றான் பிரென்டன்.

முகமாலையில் வாங்கின கண் அது.
ஆறு வருடம், முழங்காலில்.
முகத்துக்கு முன் கீறல் விழுந்த கண்ணாடி,
கையில் சின்ன வாரி,
ஒரு நாளைக்கு ஒரு பாயளவு நிலம்.
சப்பாத்துப் பொலிஷ் டின் அளவுதான் இருக்கும்.
புதைத்தவன் எந்தப் பக்கம் என்று
நாங்கள் கேட்பதில்லை.
அதுக்கும் மறந்துபோயிருக்கும்.
ஒரு கால் வர வேண்டும் என்பது மட்டும்
மறக்கவில்லை.

நிறைமதி முணுமுணுத்துக்கொண்டே சுரண்டுவாள்.
மெட்டு நின்றால் எல்லாரும் நிற்போம்.
ஒரு வியாழக்கிழமை நின்றது.

இப்பவும் செருப்புக் கடையில் சோடியாகத்தான் வாங்குகிறாள்.
பாதி விற்கமாட்டார்களாம்.

அவளின் மகளுக்குத்தான் கலியாணம்.
பையில் தோடு இருக்கிறது, பிள்ளை, எடுத்துப் பார்.
இரண்டு கிராம். இந்த ஊர்ப் பொன்தான்.
அதுக்கு எத்தனை லொறி கல் உடைந்தது என்று
நான் கணக்குப் பார்த்தேன்,
பிறகு நிறுத்திவிட்டேன்.

இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.
"சுரங்கம். வெடிப் பிரிவு" என்றேன்.
மேலதிகாரி வந்தார். வேலை அட்டையைப் பார்த்தார்,
முன்னும் பின்னும்.
"என் தம்பியும் அங்கேதான், இரவு வேலை" என்று
கழுவி வரச் சொன்னார்.
கழுவினேன். சிவப்பு.
நகத்துக்குள் சுரண்டிக் கழுவினேன். சிவப்பு.
மூன்றாம் தரம் கெய்லியே சவர்க்காரம் கொண்டு வந்து
பக்கத்தில் நின்றாள்.
பச்சை.
வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

ஆசனப் பட்டி மாட்டி
விமானம் உயரும்போது கிடங்கு கீழே தெரிந்தது,
காலை வெயில் இன்னும் அடிக்கு இறங்கவில்லை.
மிஞ்சின அந்த ஒன்றை
இன்றைக்குப் பத்து மணிக்கு வெடிக்க வைப்பார்கள்.
தெற்குத் தடுப்பில் புதுப் பெடியன், லக்லன்.
ஒழுங்கானவன்.
ஆனால் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
சிலநேரம் யாராவது சிகரெட் பிடிக்க ஒதுங்குவார்கள்.
அங்கே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல் என்று
அவனுக்குச் சொல்ல
மறந்துபோனேன்.